கடைசி ஆளுக்கும் தண்ணீர் இருக்கிறதா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ்ஸைப் பிடித்து, துறையூரில் தம்மம்பட்டி பக்கம் போகும் வண்டிக்கு மாறினால் வழியில் வருகிறது உப்பிலியபுரம். கிழக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை. இரண்டு மலைகளுக்கும் நடுவே விரித்துப் போட்ட பாய் மாதிரி வயல்கள். சின்ன வெங்காயம், மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம் என்று பருவத்துக்கு ஒரு நிறம் காட்டும் பூமி.

ஊர்ப் பெயரைச் சொன்னால் மூத்தவர்களுக்குத் தேர்தல் ஞாபகம் வரும். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதியாக இருந்து, தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போன பெயர் அது. இளசுகளுக்குப் புளியஞ்சோலை ஞாபகம்தான். கொல்லிமலை உச்சியில் ஆகாய கங்கையாக விழும் அய்யாறு, அடிவாரத்தில் பாறைகளுக்கு நடுவே சலசலத்து இறங்கும் இடம். திருச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாகச் சோற்று மூட்டையோடு வந்து இறங்குவார்கள்.

விடியற்காலையில் இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு வேறு முகம். மலைக்குப் பின்னால் சூரியன் எட்டிப் பார்க்கும் முன்பே யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "ரன்னிங் போறேன்ணே" என்பார்கள். பாதிப் பேர் காவலர் தேர்வுக்கு, மீதிப் பேர் ராணுவத்துக்கு. இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த ஏழு நிமிடத்துக்காக வருடக்கணக்கில் விடியலைச் செலவு செய்கிற பிள்ளைகள் தமிழ்நாட்டின் எல்லாச் சிற்றூர்களிலும் உண்டு.

சாலை அழகு, காற்று சுத்தம், ஓடப் பிள்ளைகள் தயார். 'இங்கே ஒரு மினி மாரத்தான் வைத்தால் என்ன?' என்று யாருக்கும் ஆசை வரும். ஒரு ஃபிளெக்ஸ், ஒரு மைக் செட், நெஞ்சில் குத்திக்கொள்ள எண் அட்டை, ஆளுக்கொரு டி-ஷர்ட், கொடியசைக்க ஒரு பிரமுகர். வேறென்ன வேண்டும்?

நிறைய வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரியும். ஆறு மணி என்று அறிவித்த ஓட்டம் பிரமுகரின் கார் வந்து சேரும்வரை காத்திருக்கும். அதற்குள் வெயில் ஏறிவிடும். பத்து கிலோமீட்டர் என்று பணம் வாங்கியிருப்பார்கள், கைக்கடிகாரத்தின் ஜி.பி.எஸ். எட்டரை என்று காட்டும். முச்சந்தியில் வழிகாட்ட ஆள் இருக்காது. தண்ணீர் மேஜையில் முதலில் வந்தவர்கள் குடித்துப் போட்ட காலி கோப்பைகள்தான் மிச்சமிருக்கும். இப்படியொரு கதை சாலையில் ஓடும் பலரிடமும் உண்டு. அந்தக் கதைகளுக்கெல்லாம் ஒரு மூத்த கதை இருக்கிறது. அது நடந்தது ஒலிம்பிக்கில்!

புழுதியில் ஓடிய ஒலிம்பிக்

1904, ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே அப்போது உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒலிம்பிக் போட்டிகளை அந்தக் கண்காட்சியோடு ஒட்டுப் போட்டு நடத்தினார்கள். மாரத்தான் புறப்பட்ட பிரான்சிஸ் ஃபீல்ட் அரங்கம் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் இன்றும் இருக்கிறது.

ஓட்டம் தொடங்கியது காலையில் அல்ல, பிற்பகல் மூன்று மணிக்கு. வெப்பம் 32 டிகிரி செல்சியஸ். சுமார் 40 கிலோமீட்டர் தூரம், நடுவில் ஏழு மேடுகள், எல்லாம் மண்சாலை. வழியை ஒதுக்க முன்னால் குதிரைக்காரர்கள் போனார்கள். பின்னால் நடுவர்களும் மருத்துவர்களும் பத்திரிகைக்காரர்களும் கார்களில் போனார்கள். குதிரைக் குளம்பும் கார் சக்கரமும் கிளப்பிய புழுதியைச் சுவாசித்துக்கொண்டு ஓடினார்கள் 32 பேர்.

தண்ணீர்? சுமார் பத்தாவது கிலோமீட்டரில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இருபதுக்குச் சற்று முன் சாலையோரக் கிணறு ஒன்று. அவ்வளவுதான். இது மறதியில் நேர்ந்த தவறு அல்ல. போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவனுக்கு, தண்ணீர் குறைந்தால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் ஆசை இருந்தது. ஓடியவர்கள்தான் சோதனை எலிகள்.

கலிபோர்னியாவிலிருந்து வந்த வில்லியம் கார்சியா வழியிலேயே விழுந்தார். விழுங்கிய புழுதி இரைப்பையின் உட்சுவரைக் கிழித்து ரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தது. இன்னும் சற்று நேரம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் உயிர் போயிருக்கும்.

பிரெட் லோர்ஸ் என்பவருக்குப் பதினைந்தாவது கிலோமீட்டர் வாக்கில் தசைப்பிடிப்பு. ஒரு காரில் ஏறிக்கொண்டார். ஏறக்குறைய 18 கிலோமீட்டர் சொகுசுப் பயணம். கார் பழுதாகி நின்றதும் இறங்கி ஓடி, முதல் ஆளாக அரங்கத்துக்குள் நுழைந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் அவருக்கு மரியாதை செய்யத் தயாரானார். அதற்குள் குட்டு உடைந்தது. 'வேடிக்கைக்குச் செய்தேன்' என்றார் லோர்ஸ். தடை விதித்தார்கள், பிறகு நீக்கினார்கள். மறு ஆண்டு பாஸ்டன் மாரத்தானை அவர் கால்களாலேயே ஓடி வென்றார்.

உண்மையான வெற்றியாளர் தாமஸ் ஹிக்ஸ். வழியில் அவர் தண்ணீர் கேட்டு மன்றாடினார். உதவியாளர்கள் வாயை நனைத்துவிட்டார்களே தவிர, குடிக்கக் கொடுக்கவில்லை. பதிலுக்குக் கொடுத்தது முட்டை வெள்ளைக்கருவில் கலந்த ஸ்ட்ரிக்னின். நம்மூர் எட்டிக்காயின் விதையில் இருக்கும் அதே நஞ்சு. எலி மருந்தாகவும் பயன்பட்டது. கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பை உசுப்பும் என்பது அக்கால நம்பிக்கை. கூடவே பிராந்தி. கண் மங்கி, கால் தள்ளாடி, இல்லாத காட்சிகளைக் கண்டபடி, இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க எல்லைக் கோட்டைத் தொட்டார். நேரம் 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. ஒலிம்பிக் மாரத்தான் வரலாற்றிலேயே மிக மெதுவான வெற்றி அதுதான்.

கியூபாவின் ஃபெலிக்ஸ் கர்வஹால் ஒரு தபால்காரர். வரும் வழியில் நியூ ஆர்லியன்ஸில் தாயம் உருட்டிக் கைப்பணத்தை எல்லாம் இழந்தவர். சாதாரண உடுப்போடு வந்து நின்றார். யாரோ ஒருவர் கத்தரிக்கோலால் முழங்காலோடு கால்சட்டையை வெட்டிவிட, அப்படியே ஓடினார். பசி தாங்காமல் வழியில் ஆப்பிள் பறித்துத் தின்றார். அது அழுகல். வயிறு பிசைய, சாலையோரம் படுத்து ஒரு தூக்கம் போட்டார். எழுந்து ஓடி நான்காவதாக வந்தார்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த லென் டௌன்யானேவும் ஜேன் மாஷியானியும் ஒலிம்பிக்கில் ஓடிய முதல் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர்கள். டௌன்யானேவை நாய் துரத்தி, பாதையை விட்டே வெகுதூரம் ஓடவைத்தது. அப்படியும் ஒன்பதாவது இடம். நாய் இல்லாவிட்டால் எத்தனையாவதாக வந்திருப்பார்? அந்தக் கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது.

கிளம்பிய 32 பேரில் முடித்தது 14 பேர். வெயில், புழுதி, தண்ணீர், நாய், வாகனம். ஒரு சாலை ஓட்டத்தில் தவறாகப் போகக்கூடிய ஏறக்குறைய எல்லாமும் ஒரே பிற்பகலில் நடந்து முடிந்தன.

இந்தச் சாலையில் என்றால்...

அந்தப் பட்டியலை உப்பிலியபுரத்துச் சாலையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட அந்நியமாகத் தெரியாது. கோடையில் திருச்சி மாவட்ட வெயில் 40 டிகிரியைத் தொடும். மலையடிவாரம் என்பதால் காலை குளிர்ச்சியாக இருக்கும், எட்டு மணிக்கு மேல் அந்தச் சலுகை கிடையாது. தெருநாய்களுக்கு டி-ஷர்ட் போட்டு ஓடுகிறவர் யார், திருடிக்கொண்டு ஓடுகிறவர் யார் என்று தெரியாது. அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளே களமாகிவிடும். ஒரு பக்கம் முழுக்கச் சோளம் காயும். கரும்பு டிராக்டரும் பால் வண்டியும் ஓட்டப் பந்தயத்துக்காக நிற்கப் போவதில்லை, முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஒழிய.

தூரத்தை எப்படி அளப்பது? பைக் மீட்டரை நம்பினால் போச்சு. சரியாக அளக்க ஒரு முறை இருக்கிறது. சைக்கிள் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் சின்னக் கருவியைப் பொருத்துவார்கள். நாடாவால் அளந்து வைத்த ஒரு நீளத்தில் பலமுறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு ஓடுபாதை முழுக்க, வளைவுகளில் மிகக் குறுகிய வழியைப் பிடித்து ஓட்டுவார்கள். எக்காரணம் கொண்டும் தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். முழு மாரத்தானுக்கு அது 42 மீட்டர்.

இதில் கவனம் தப்பினால் பெரிய ஊர்களும் மாட்டிக்கொள்ளும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகள் நடந்த மாரத்தானின் பாதை 380 மீட்டர் குறைவு என்று 2016-ல் தெரியவந்தது. ஏறக்குறைய 24,000 பேரின் நேரம் செல்லாமல் போனது. வாழ்க்கையில் ஒரே ஒரு மாரத்தான் ஓடியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். 'நான் மாரத்தான் ஓடினேன்' என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது, '380 மீட்டர் தவிர' என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய நிலை.

வழிகாட்டி வண்டி இன்னொரு தலைவலி. 2015 அக்டோபரில் பெங்களூரில் நடந்த ஓட்டத்தில், முன்னால் போன வண்டி வழி மாறியது. அதை நம்பிப் பின்னால் ஓடிய முன்னணி இந்திய வீரர்கள் பாதை தவறினார்கள். கடைசியில் மெட்ரோ ரயில் பிடித்துத் திரும்ப வேண்டியிருந்தது. 2017-ல் வெனிஸ் மாரத்தானிலும் இதே கதை. முன்னணியில் இருந்தவர்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் போய்த் தவறான சாலையில் நுழைந்தார்கள். பின்னால் வந்த இத்தாலியின் இயோப் ஃபானியல் சரியான வழியில் ஓடி வென்றுவிட்டார். அவர் மீது தவறில்லை. ஆனால் முன்னால் இருந்தவர்களுக்கு அந்த நாள் திரும்பக் கிடைக்குமா?

ஓட்டக்காரரின் எரிச்சல் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரலாம். டி-ஷர்ட் கூட இன்னொன்று தரலாம். மூன்று மாதம் விடியலில் எழுந்ததை, கல்யாண விருந்தில் இனிப்பை ஒதுக்கியதை, அந்த ஒரு காலைக்காக உடம்பைத் தயார் செய்ததை யார் திருப்பித் தருவது?

தண்ணீர் யார் பொறுப்பு?

கேரளத்து வீராங்கனை ஓ.பி.ஜெய்ஷா 2015-ல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் மாரத்தானை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் முடித்துத் தேசிய சாதனை படைத்தவர். மறு ஆண்டு ஆகஸ்ட் 14-ல் ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு ஆன நேரம் 2 மணி 47 நிமிடம் 19 விநாடி. 89-வது இடம். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். மற்ற நாடுகளின் மேஜைகளில் ஆட்கள் பானத்தோடு நின்றார்கள், இந்திய மேஜையில் யாருமே இல்லை என்று பிறகு வேதனையோடு சொன்னார். தனிப் பானம் வேண்டாம் என்று அவரும் பயிற்சியாளரும் முன்பே சொல்லிவிட்டதாக இந்தியத் தடகள சம்மேளனம் மறுத்தது. விளையாட்டு அமைச்சகம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

யார் பக்கம் நியாயம் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீரை 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விடக்கூடாது என்பதை அந்த வெறும் மேஜை சொல்கிறது. பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்களில் சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தடகள விதி. நம்மூர் வெயிலுக்கு அதற்கும் குறைவான இடைவெளி நல்லது. கணக்கு போடும்போது ஆளுக்கு ஒரு கோப்பை என்று போடக்கூடாது. முதலில் வருகிறவர் ஒன்றைக் குடித்து இன்னொன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டு போவார். இரண்டு மணி நேரம் கழித்து, உச்சி வெயிலில் வருகிறவருக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை. அவர் வரும்போது மேஜையே இருக்காது.

மலை தரும் எச்சரிக்கை

புளியஞ்சோலைப் பக்கமோ, பச்சைமலை மேல் டாப் செங்காட்டுப்பட்டி பக்கமோ ஓட்டம் வைக்க நினைத்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே கொல்லிமலையில் மழை கொட்டும். அய்யாற்றில் தண்ணீர் திடீரென்று கூடும். உள்ளூர்க்காரர்கள் மேகத்தைப் பார்த்தே கரையேறிவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது.

சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22-ல் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டார்கள். நடுவழியில் ஆலங்கட்டியும் உறையவைக்கும் மழையும் சூறைக்காற்றும் தாக்கின. பலர் அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். வாகனம் போக முடியாத உயரம். 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள்.

அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஜூ கெமிங். மழைக்கு ஒதுங்கத் தன் குகை வீட்டில் இருந்தவர், தள்ளாடி வந்த ஓட்டக்காரர்களை உள்ளே அழைத்து, நெருப்பு மூட்டி, போர்வை போர்த்தினார். வெளியே விழுந்து கிடந்தவரையும் தூக்கி வந்தார். ஆறு பேர் பிழைத்தார்கள். அவர் எந்த ஏற்பாட்டுக் குழுவிலும் இல்லை. அந்த மலை அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் அப்படி மலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரை விடவா நகரத்து வரைபடத்துக்கு வழி தெரியும்? எந்த மாதத்தில் காற்று, எந்த ஓடையில் எப்போது வெள்ளம், எந்த வளைவில் காட்டுப்பன்றி குறுக்கே வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு டீயும் ஒரு மணி நேரமும் போதும். ஓட்டத்தன்று திருப்பத்துக்குத் திருப்பம் உள்ளூர் ஆள் ஒருவரை நிறுத்தி, உரிய கூலியும் கொடுத்தால் வழியும் தப்பாது, விழுந்தவரும் தனியாகக் கிடக்க மாட்டார்.

ஒரு ஓட்டம் நன்றாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள முதல் பரிசு வாங்கியவரைக் கேட்டுப் பயனில்லை. அவருக்கு வண்டி வழிகாட்டும், கேமரா காத்திருக்கும், தண்ணீரும் இருக்கும். கடைசியாக வந்தவரைக் கேட்க வேண்டும். முதல் முறையாக ஓட வந்த ஐம்பது வயது அக்காவாக இருக்கலாம், காவலர் தேர்வுக்குப் பழகும் பிள்ளையின் தம்பியாக இருக்கலாம். அவர் வரும்வரை மேஜையில் தண்ணீரும், முச்சந்தியில் ஆளும், எல்லையில் ஒரு ஆம்புலன்ஸும் இருந்தால் அது நல்ல ஓட்டம்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

* தூரத்தை யார், எப்படி அளந்தார்கள்?
* கொடியசைப்பது எத்தனை மணிக்கு? பிரமுகர் தாமதித்தாலும் அதே நேரம்தானா?
* எத்தனை இடத்தில் தண்ணீர்? கடைசி ஆள் வரும்வரை இருக்குமா?
* ஆம்புலன்ஸும் மருத்துவரும் எங்கே நிற்பார்கள்?
* காவல் துறை அனுமதி வாங்கியாயிற்றா? போக்குவரத்து நிறுத்தப்படுமா?
* மலைப்பாதை என்றால் வனத்துறை அனுமதி உண்டா? வானிலை கெட்டால் ஓட்டத்தை நிறுத்தும் முடிவை எடுப்பது யார்?

பதில் சொல்லத் தயங்கினால், அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓடுவது உத்தமம்.

எப்படிப் போவது?

திருச்சியிலிருந்து துறையூர் சுமார் 45 கி.மீ. அங்கிருந்து உப்பிலியபுரத்துக்கு பஸ் உண்டு. ஓடுவதற்கு மார்கழி, தை மாதங்கள் சுகம். விடியலில் கிளம்பினால் இரண்டு மலைகளையும் பார்த்துக்கொண்டே ஓடலாம். மழைக்காலத்தில் புளியஞ்சோலையில் குளிக்கத் தடை இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சாலையில் சோளம் காய்ந்தால் சுற்றிப் போங்கள். தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், காலியானதும் மறக்காமல் வீட்டுக்கே கொண்டுபோங்கள்.